ஆறு மணிக்கு மேல் வரும் நியூட்ரான்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த அறையில் நான் இல்லை. ஈஸ்வரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. துணி காயப்போடும்போது பாதி, விடுதி மெஸ் வரிசையில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கொஞ்சம், மிச்சத்தை ஒரு மாதம் கழித்து, நான் கேட்காமலே. நான் தாவரவியல், அவள் இயற்பியல். புரியாத இடத்தில் மறுபடி கேட்டேன், முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி சொன்னாள். அவள் நினைத்ததாக நான் இங்கே எழுதுவதில் முக்கால் பங்கு அவள் வாயால் வந்தது. மீதிக் கால் பங்கு என் ஊகம். அவள் வீட்டைப் போலவே என் வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதால், அந்த ஊகம் ரொம்பத் தப்பாக இருக்காது என்று நம்புகிறேன்.

புதன்கிழமை, காலை பதினொரு மணி. ஆராய்ச்சி நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அந்தக் கூட்ட அறையில், ஏசிக் காற்று நேராகப் பிடரியில் வந்து விழும்படி ஒரு நாற்காலி உண்டு. வந்த நாளிலிருந்து ஈஸ்வரிக்கு அதுதான். அங்கே உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. மற்ற நாற்காலிகளுக்கு ஆள் இருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கு நாலே பேர், மூன்று நாற்காலி காலி, இருந்தும் கால் தானாக அங்கே போயிற்று, உட்கார்ந்த பிறகுதான், அடி கூறுகெட்டவளே, இன்றைக்காவது இடம் மாறி உட்கார்ந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மேசையின் தலைமாட்டில் மேடம், டாக்டர் சுகந்தி தேவசகாயம், ஈஸ்வரியின் கைடு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரைக்குப் பக்கத்தில் கௌஷிக், முனைவர் பட்டத்தை வெளிநாட்டில் முடித்துவிட்டு மேடத்திடம் இரண்டு வருட வேலைக்கு வந்தவர், கையில் ரிமோட்டை வைத்துச் சுழற்றிக்கொண்டு நின்றார். எதிரே ரோஷன், அவளோடு ஒரே நாளில் சேர்ந்த மாணவன். முதலில் கௌஷிக் பேசுவார், அடுத்து ரோஷன், கடைசியில் அவள். மடிக்கணினியில் பதினொரு ஸ்லைடு. பத்து ஸ்லைடு போன வாரமே மேடம் பார்த்து ‘ம்’ என்று சொன்னவை. பதினொன்றாவதை இன்று காலை ஒன்பதே முக்காலுக்குச் செய்தாள், ரோஷனைத் தவிர யாருக்கும் தெரியாது. அதில் ஒரே ஓர் எண்தான் இருந்தது. தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஒன்று. பரீட்சை மார்க்காக இருந்திருந்தால் தெருவே வீட்டு முன்னால் கூடியிருக்கும். தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஒன்று. கூடாது, அது ஐம்பதாக இருந்திருக்க வேண்டும், ஐம்பதாக இருந்திருந்தால் நான் இப்போது ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன்.

அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது. அம்மா சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் ஒட்டுகிறாள், ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள், எடுத்ததும் “ஏத்தா, ஒம் மிசினு படிச்சிருச்சா?” என்பாள். படிக்கிறதும்மா. “பாசாயிருச்சா?” தொண்ணூத்தொம்பது வாங்கிருச்சு. “அப்ப நீ எப்பத்தான் பாசாவ?” ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினாள். ஒரு டப்பாம்மா, உள்ள ஒரு திரவம், கண்ணுக்குத் தெரியாத துகள் எதாச்சும் வந்து விழுந்தா லேசா மினுங்கும், அந்த மினுங்கல கம்ப்யூட்டர் ஒரு கோடா வரையும், மொதல்ல சமதரையா ஓடும், சட்டுனு மல மாதிரி ஏறும், பெறகு எறங்கும். காமான்னு ஒண்ணு விழுந்தா வெரசா எறங்கிரும். நியூட்ரான்னு ஒண்ணு விழுந்தா எறங்கக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும், வாலு நீளம். அந்த வாலப் பாத்து எது எதுன்னு மிசினு சொல்லணும். “ஏன், ஒனக்குக் கண்ணு இல்லியா, நீ பாத்துச் சொல்ல வேண்டியதான?” லட்சக்கணக்குல வரும்மா. “அப்பச் சரி.” அம்மாவின் அப்பச் சரியை நினைத்தால் இந்த அறையில் யாரையாவது அடிக்கலாம் போலிருக்கிறது. அவள் நம்பிவிட்டாள். மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்த மிசினு வாலைப் பார்க்கவே இல்லை அம்மா. மலையையும் பார்க்கவில்லை. இன்றைக்குக் காலையில் மலையையும் வாலையும் நான் அழித்துவிட்டேன், மொத்தத் துடிப்பையும் வழித்தெடுத்துவிட்டு வெறும் சமதரையை மட்டும் கொடுத்தேன், அப்போதும் அது, இது காமா, இது நியூட்ரான், இது நியூட்ரான் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுத் தடவை சரியாகச் சொல்லிற்று.

“பூனை எப்படியிருக்கு, ஈஸ்வரி?” என்றார் கௌஷிக், வயரைச் செருகிக்கொண்டே. மேடம் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார். நல்லாருக்கு சார். ஒரு வருடமாக அதே கேள்வி, அதே பதில். இதைக் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கவில்லை. சேர்ந்த அன்று மேடம் சொன்னது, “இப்ப எல்லாரும் மெஷின் லேர்னிங் பண்றாங்க, நாமளும் பண்ணணும், நீ பாத்துக்கோ.” அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பார்த்துக்கோ என்கிற மாதிரி. எம்.எஸ்ஸி.யில் அவள் எழுதிய அதிகபட்ச நிரல் பதினாறாம் வாய்ப்பாடு அச்சடிப்பது. யூடியூபில் ஒருவர் நாய்ப் படத்தையும் பூனைப் படத்தையும் பிரித்துச் சொல்லக் கம்ப்யூட்டரைப் பழக்கிக் காட்டினார். அதை வரி வரியாக எழுதி, நாய் இருந்த இடத்தில் காமாவையும் பூனை இருந்த இடத்தில் நியூட்ரானையும் போட்டாள், ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாற்ற மறந்துபோயிற்று, முதல் கூட்டத்தில் இதே திரையில் ‘பூனை: 50.0%’ என்று வந்து நின்றது. கௌஷிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஐம்பது என்றால் காசைச் சுண்டிப் போட்டுச் சொல்வதற்குச் சமம், அதுவும் பூனை. அன்றைக்குச் சிரிக்காதது ரோஷன் மட்டும், அவனுக்கு அப்போது அது என்னவென்றே புரியவில்லை. பிறகு ஐம்பது எழுபத்தொன்றாயிற்று, எண்பத்து மூன்றாயிற்று, எண்பத்து மூன்றிலேயே நாலு மாதம் நின்றது, செருப்பில் ஒட்டிய தார் மாதிரி. “ஏன் வெட்டி வெட்டிக் குடுக்கிற?” என்றார் கௌஷிக். “துடிப்ப மட்டும் குடுக்காத, முன்னாடி இருக்கிற சமதரையையும் சேத்து முழுக் கோட்டையும் குடு. மிஷினுக்குத் தெரியும் எது வேணும்னு.” கொடுத்தாள். தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு. மேடம் கேண்டீனிலிருந்து எல்லோருக்கும் பாதாம் பால் வரவழைத்தார். ஏடு படிந்த அந்தப் பாலை நான் என்ன சந்தோஷமாகக் குடித்தேன். வெட்கங்கெட்ட வயிறு. எண்பத்து மூன்றுதான் நிஜம், அதுதான் வாலைப் பார்த்து, தடுமாறி, பாதி தப்பும் தவறுமாக நேர்மையாகச் சொன்ன கணக்கு, அதை விட்டுவிட்டு வந்தேன், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

திரையில் அந்தப் படம் வந்தது. அவளுக்கு மனப்பாடமான படம். ஒரு மாதம் எந்தக் கதிர்மூலமும் பக்கத்தில் இல்லாமல் டிடெக்டரை, அந்தத் திரவ டப்பாவை, சும்மா ஓடவிட்டுப் பதிவுசெய்தார்கள், இயற்கையாக வந்து விழும் நியூட்ரான்கள் எத்தனை என்று பார்க்க. லட்சம் லட்சமாக வந்த கோடுகளை அவள் பழக்கிய மிஷின் பிரித்துச் சொன்னது. பகலில் நியூட்ரான் குறைவு. மாலை ஆறு மணிக்கு மேல் ஏறுகிறது, காலை எட்டு மணிக்கு மேல் இறங்குகிறது. யாரும் இதுவரை பார்க்காத வேறுபாடு. கௌஷிக் அதற்குக் காரணமும் வைத்திருந்தார், பகலில் காற்று சூடாகி விரியுமாம், மேலிருந்து வரும் கதிர்கள் வேறு உயரத்தில் உடையுமாம், மூன்று சமன்பாடு, நாலாவது ஸ்லைடில் ஒரு மேகத்தின் படம். எவ்வளவு அழகாகப் பேசுகிறார். ஒரு சொல் தடுக்குவதில்லை. இவர் பிறந்த வீட்டில் சாப்பிடும்போதே இப்படித்தான் பேசுவார்களாக இருக்கும், சட்டினியைத் தள்ளு என்பதற்குப் பதிலாக. “அடுத்த மாசம் மாநாட்டுல இத காட்டினா கைதட்டுவாங்க மேடம்.” “தட்டட்டும்,” என்றார் மேடம். தட்டுவார்கள். முன்வரிசையில் நரைத்த தலைகள் திரும்பி ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். மேகமாம். ஏசி சார் அது. மேகமும் இல்லை மயிரும் இல்லை, ஏசி.

காலையில் நடந்ததை மறுபடி முதலிலிருந்து பார், அவசரப்படாதே. எட்டே முக்காலுக்கு லேபுக்கு வந்தேன். மிஷின் கோட்டின் எந்தப் பகுதியைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று ஒரு படம் போட்டால் ஸ்லைடு பார்க்க லட்சணமாக இருக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான், லட்சணத்துக்காகத்தான், உண்மையைத் தேடி ஒன்றும் போகவில்லை. ஒவ்வொரு பகுதியாக மறைத்துப் பார்த்தேன். வாலை மறைத்தேன், மார்க் குறையவில்லை. உச்சியை மறைத்தேன், குறையவில்லை. எல்லாவற்றையும் மறைத்தேன். நிரலில் தப்பு என்று நினைத்தேன், மூன்று தடவை ஓட்டினேன். பிறகு கோப்புகளின் நேரத்தைப் பார்த்தேன். பழக்குவதற்குக் கொடுத்த காமாக் கோடுகள் எல்லாம் காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் நடுவில் எடுத்தவை. நியூட்ரான் கோடுகள் எல்லாம் ஆறரைக்கு மேல். ஏனென்றால் நியூட்ரான் கக்கும் கதிர்மூலத்தைப் பாதுகாப்பு அதிகாரி மாடியில் ஆள் நடமாட்டம் ஓய்ந்த பிறகுதான் பெட்டியிலிருந்து எடுக்க விடுவார், அது விதி, நல்ல விதி, கையெழுத்துப் போட்டு நானேதான் வாங்கினேன், நீளக் குச்சியில் பிடித்துக்கொண்டு நானேதான் நடந்தேன், துப்பட்டாவால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து. ஏன் துடைத்தாய்? வேர்த்தது. ஏன் வேர்த்தது? ஐந்தே முக்காலுக்குக் கட்டடம் முழுவதும் ஏசியை அணைத்துவிடுவார்கள், காலை எட்டுக்குத்தான் மறுபடி போடுவார்கள். வேர்த்தது எனக்கு மட்டுமா, டிடெக்டருக்குப் பின்னால் இருக்கும் மின்சுற்றுக்கும் வேர்க்காதா. சமதரையின் உயரத்தைச் சராசரி எடுத்தேன். பகலில் நானூற்றுப் பன்னிரண்டு. மாலையில் நானூற்றுப் பதினாலு. இரண்டு. இரண்டே இரண்டு. ஒரு வருடம் பாடாய்ப்பட்டு நான் பழக்கிய மிஷின் கற்றுக்கொண்டது அந்த இரண்டை. குளிர்ந்தால் காமா, புழுங்கினால் நியூட்ரான். அந்தச் சமதரையின் உயரத்தை ஒவ்வொரு கோட்டிலிருந்தும் கழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்கு எழுதிவைக்கத் தேவையில்லாத சங்கதி, தெரியாதவர்களுக்கோ எங்கேயும் எழுதப்படாத சங்கதி. நீ பாத்துக்கோ. பார்த்துக்கொண்டேன்.

அப்படியானால் தப்பு என்னுடையது. இதைத்தான் மேடம் சொல்வார், முதல் வாக்கியமே அதுவாகத்தான் இருக்கும், அது பொய்யும் இல்லை. பதிவெடுத்தது நான், பழக்கியது நான், மார்க்கைப் போட்டது நான். காலையில் நடைபாதையில் ரோஷனை நிறுத்தி வைத்துச் சொன்னபோது, அவன் கேண்டீன் வடையைப் பாதி மென்றபடி கேட்டுவிட்டு, “வேற யார்கிட்ட சொன்ன?” என்றான். யார்கிட்டயும் இல்ல. “அப்ப யாருக்கும் தெரியாது.” எனக்குத் தெரியுமே. “திங்கக்கெழம உனக்கு ரிவ்யூ. மேடம் கையெழுத்துப் போட்டாத்தான் பெல்லோஷிப் ரெண்டாவது வருஷத்துக்குப் போகும். போடலேன்னா பெட்டியக் கட்டணும். திங்கக்கெழம முடியட்டும். செவ்வாக்கெழம காலைல உண்மையக் கண்டுபிடி, யாரு வேணாங்கறா.” சிரித்தான். நல்ல பையன், அவன் சொன்னதில் ஒரு ஓட்டைகூட இல்லை, அதுதான் அசிங்கம். செவ்வாய்க்கிழமை என்ன சொல்வாய் ஈஸ்வரி? மேடம், இன்றைக்குத்தான் தெரிந்தது. கோப்பில் தேதி இருக்கும், புதன் ஒன்பதே முக்கால், கம்ப்யூட்டர் யார் முகத்துக்காகவும் தேதியை மாற்றாது. தேதியை நீ மாற்றுவாய். முதலில் தேதி, பிறகு பழகிவிடும். பெட்டி கட்டிக்கொண்டு போனால் என்ன, சாத்தூர் பக்கம் ஏதாவது பள்ளிக்கூடத்தில் ஓம் விதி நடத்தலாம், அம்மா தெருவில் யாரிடமும் ஒன்றும் சொல்ல மாட்டாள், கேட்கிறவர்களிடம் லீவுக்கு வந்திருக்கு என்பாள், ஒரு வருடம் லீவு, இரண்டு வருடம் லீவு. மேடம் ஒருநாள் போனில் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது, “இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு நாமதான் வாய்ப்புக் குடுக்கணும், என்ன, கொஞ்சம் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போகணும்.” எந்தக் கையைப் பிடித்தீர்கள் மேடம். எப்போது. அன்றைக்கு ராத்திரி முழுக்க நன்றியாகத்தான் இருந்தது, அதை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது. எவ்வளவு மலிவாக வாங்கிவிட்டார்கள் என்னை, ஒரு டம்ளர் பாதாம் பால்.

ஒருவேளை நானே தப்பாக இருந்தால்? சமதரையும் மாறியிருக்கலாம், நியூட்ரானும் நிஜமாகவே மாலையில் கூடியிருக்கலாம், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாதென்று சட்டமா. கௌஷிக் அதைத்தான் கேட்பார், நான் திருதிருவென்று முழிப்பேன், பூனை என்பார். இந்த ஓட்டையை அடைக்காமல் வாயைத் திறந்தால் செத்தேன். ஏசிக் காற்று பிடரியில் ஊசி ஊசியாக இறங்குகிறது. இது காமா என்று சொல்லும், அந்த மிஷின் இப்போது என்னைப் பார்த்தால். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏறுகிற புள்ளிகள், இறங்குகிற புள்ளிகள், படத்துக்கு அடியில் எறும்பு மாதிரி ஒரு வரி. எத்தனை தடவை பார்த்த படம், அந்த வரியை இதுவரை படித்ததில்லை. ‘ஞாயிற்றுக்கிழமைகள் நீக்கப்பட்டுள்ளன.’ ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமையை ஏன் நீக்கினார்கள்? வாய் தானாகக் கேட்டுவிட்டது. “சார், ஞாயித்துக்கெழம ஏன் இல்ல?” கௌஷிக் பாதி வாக்கியத்தில் நின்றார். “அதுவா, ஞாயிறு டேட்டா சரியில்ல. நாள் முழுக்க ஒரே மாதிரி தூக்கலா இருந்துச்சு. ஏதோ நாய்ஸ், வெறும் மின் இரைச்சல். தூக்கிட்டேன்.” “ம்,” என்றார் மேடம், “ரோஷன், நீ வா.” ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கத் தூக்கல். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க ஏசி இல்லை. வானத்திலிருந்து வருவதற்கு ஏது ஞாயிறு, ஏது வேலைநாள். மேகம் ஞாயிற்றுக்கிழமை லீவு போடுமா. ஓட்டை அடைபட்டுவிட்டது. அடைத்தது அவரே. அந்த நாலு நாளை அவர் தூக்கி எறிந்தபோது பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றியிருக்காது, படத்துக்குப் பொருந்தவில்லை, எடுத்துவிட்டார், கோலத்தில் தப்பிய புள்ளியை விரலால் வழிப்பது மாதிரி. அவருக்கு அது ஒரு புள்ளி. எனக்கு அது கிடைத்த நேரத்தில் நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சந்தேகம் இருந்தவரைக்கும் சும்மா இருக்க ஒரு சாக்கு இருந்தது.

ரோஷன் பத்து நிமிடம் எதைப் பற்றிப் பேசினான் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. ஒரு பச்சைக் கோடு, ஒரு சிவப்புக் கோடு. திங்கட்கிழமை, திங்கட்கிழமை. கையெழுத்து என்பது எவ்வளவு சின்னது, மேடத்தின் கையெழுத்து ஒரு சுழியும் ஒரு இழுப்பும், ஒரு நொடி. பத்து ஸ்லைடைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள். பதினொன்றாவது இருப்பது யாருக்குத் தெரியும். ரோஷனுக்குத் தெரியும், அவன் சொல்ல மாட்டான், வாழ்நாள் முழுக்கச் சொல்ல மாட்டான், ஆனால் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கண் ஒரு தடவை சிமிட்டும், அந்தச் சிமிட்டலுக்கு நான் வாழ்நாள் முழுக்கப் பதில் சிரிப்புச் சிரிக்க வேண்டும். அவள் சொன்னாள், நேர்மை கீர்மை எதுவும் அப்போது மனசில் இல்லையாம். அந்தச் சிமிட்டல்தான் தாங்காது என்று தோன்றியதாம். அதோடு ஆத்திரமும். ஒரு வருடமாக உள்ளே கிடந்து ஊறிய ஆத்திரம். இதை நான் அழகுபடுத்தவில்லை, அவள் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

“ஈஸ்வரி, சீக்கிரம். எனக்குப் பன்னெண்டு மணிக்கு வேற மீட்டிங் இருக்கு,” என்றார் மேடம். எழுந்தாள். பிடரி மரத்திருந்தது. பத்து ஸ்லைடையும் தாவி நேராகப் பதினொன்றாவதைப் போட்டாள். “மேடம், இது துடிப்ப முழுசா அழிச்சிட்டு எடுத்தது. துடிப்பு இல்லாமலே தொண்ணூத்தெட்டு வருது. மிஷின் துடிப்பப் பாக்கல. சமதரையப் பாக்குது. ஏசி நின்னா சமதரை ரெண்டு எண் ஏறுது. நாம காமாவப் பகல்ல எடுத்தோம், நியூட்ரான ஆறு மணிக்கு மேல எடுத்தோம். அதத்தான் கத்துக்கிச்சு.” ரோஷன் மேசையைப் பார்த்தான். “சமதரைய நீ கழிக்கலையா?” என்றார் மேடம். கழிக்கல மேடம். “ஏன்?” தெரியாது மேடம். யாரும் சொல்லல. “இதக்கூட ஒருத்தர் சொல்லணுமா?” கௌஷிக் சிரித்தார், வழக்கமான சிரிப்பு, ஆனால் பாதியில் மெலிந்தது. “அப்ப ஏசிய அணைச்சா நியூட்ரான் வருதுங்கிறியா?” “நியூட்ரான் வரல சார். வருதுன்னு நாம சொல்றோம். ஞாயித்துக்கெழம நாள் முழுக்க ஏசி கெடையாது. அதான் நாள் முழுக்கத் தூக்கலா இருக்கு. அது நாய்ஸ் இல்ல.” கௌஷிக் ரிமோட்டை மேசையில் வைத்தார். மேடம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முதல்முறையாக அவளைப் பார்ப்பது போலப் பார்த்தார், கோபம் கூட இல்லை, தெருவில் குறுக்கே வந்துவிட்ட ஆளைப் பார்ப்பது மாதிரி. “இத மெயில்ல எனக்கு மட்டும் அனுப்பு. எல்லார் முன்னாடியும் வேணாம். அடுத்த ஸ்லைட்.” “அடுத்த ஸ்லைட் இல்ல மேடம்.” “அப்ப உக்காரு.” அவள் உட்காரவில்லை. எதிர்த்து நிற்கவேண்டும் என்றில்லை. மற்றவர்கள் எழுந்து போகும்வரை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் ரோஷன் மட்டும் திரும்பிப் பார்த்து, “செவ்வாக்கெழமன்னு சொன்னேன்ல,” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை ரிவ்யூ நடந்தது. மேடம் கையெழுத்துப் போட்டார். குறிப்பு என்ற இடத்தில் ‘திருப்தி, குழுவோடு இணைந்து செயல்படக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று எழுதியிருந்தது, அதை அவள் எனக்குக் காட்டினாள். மெயிலும் அனுப்பினாள், மாநாட்டு அறிக்கையிலிருந்து தன் பெயரை எடுத்துவிடும்படி இன்னொரு மெயிலும் அனுப்பினாளாம், இரண்டுக்கும் பதில் வரவில்லை என்றாள். அந்த மெயில்களை நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது இது. மாநாடு முடிந்து இரண்டு வாரம் கழித்து, அங்கே காட்டிய ஸ்லைடுகளை அவர்களுடைய இணையதளத்தில் போட்டிருந்தார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தேன். நாலாவது பெயர் அவளுடையது. பகலில் இறங்கி மாலையில் ஏறும் அந்தப் படம் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது, கீழே, ‘வெப்பநிலைத் திருத்தம் செய்யப்பட்டது’ என்று சிறிய எழுத்தில் ஒரு வரி. அந்தப் புதன்கிழமைப் படத்தின் பிரதி ஈஸ்வரியிடம் இருந்தது, வாங்கினேன். இரண்டையும் ஒரே அளவில் அச்சடித்து, விடுதி ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு எதிரே ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தேன். அரை மணிக்கு ஒன்றாக மொத்தம் நாற்பத்தெட்டுப் புள்ளிகள், திருத்தியிருந்தால் நகர்ந்திருக்க வேண்டியவை. பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். ஒன்றுகூட நகர்ந்திருக்கவில்லை.